கைதான அன்றே வழக்கறிஞர்: காவலில் இருப்பவருக்கான இலவச சட்ட உதவி

வீட்டில் ஒருவர் கைதானால், "குற்றப்பத்திரிகை வரட்டும், அப்புறம் வக்கீல் வைத்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். கையில் பணமில்லாததே பெரும்பாலும் காரணம். ஆனால் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவர் யாராயினும், அவருடைய வருமானத்தைப் பார்க்காமலேயே இலவச வழக்கறிஞரைப் பெறத் தகுதியுடையவர்.

கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். முதன்முறை அப்படி நிறுத்தப்படும்போதே இந்த உரிமை தொடங்கிவிடுகிறது என்று பாகல்பூர் கைதிகள் வழக்கில் 1980லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. காவல் நிலைய விசாரணையின்போதும் தாம் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு இடமளிக்கிறது. விசாரணை முழுவதும் அவர் உடனிருக்க முடியாது என்பது மட்டுமே வரம்பு.

கைதானவரைக் காவலில் வைக்க நடுவர் உத்தரவிடும் ரிமாண்ட் பல நேரங்களில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கைதுக்கான காரணம் சொல்லப்பட்டதா, உறவினருக்குத் தகவல் போனதா, உடலில் காயம் உண்டா, கைது செய்யாமல் அழைப்பாணையோடு விட்டிருக்கக் கூடிய வழக்கா என்று அந்த நிமிடங்களில் கேட்க ஒருவர் வேண்டும். பயந்துபோய் நிற்பவரால் இவற்றை எடுத்துச் சொல்ல முடியாது.

தாமதத்தின் விலை மிகத் தெளிவாகத் தெரிவது ஜாமீனில்தான். பொதுவாக 60 நாட்களுக்குள், பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரணம் ஆகிய தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாட்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. ஆனால் 61ஆம் நாள் காலையில் மனுப் போட ஆளில்லாமல், மாலையில் குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்தால் அந்த உரிமை போய்விடுகிறது. நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் வழக்கறிஞர் தொடக்கத்திலிருந்தே இருந்திருந்தால் இந்த இழப்பு நேராது.

உதவி பெற 15100 என்ற எண்ணை அழைக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை நேரில் அணுகலாம். "எனக்கு வக்கீல் இல்லை" என்று கைதானவரே நடுவரிடம் சொல்லலாம். பெயர், காவல் நிலையம், அழைத்துச் செல்லப்பட்ட நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் உடனே குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரக் கெடு மீறப்பட்டதா என்பதை அந்த நேரத்தைக் கொண்டுதான் வழக்கறிஞர் கணக்கிடுவார்.