ஏப்ரல் மாதத்து ஆற்றுத் தண்ணீர்

குடிநீர்த் திட்டங்களில் பழைய முறை தெரிந்ததுதான். ஒருவர் டிசைன் போடுவார், இன்னொருவர் ஐட்டம் ரேட்டில், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலையில் கட்டுவார், முடிந்த வேலையை அளந்து எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் எழுதி பில் போடுவோம். தண்ணீர் சரியாக வராவிட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். டிசைன்-பில்ட் ஒப்பந்தத்தில் இரண்டும் ஒரே நிறுவனத்தின் தலையில். கட்டியவரே சில வருடம் ஓட்டியும் காட்டவேண்டும் என்றால் அது டி.பி.ஓ. (டிசைன்-பில்ட்-ஆபரேட்). சென்னைக்காக 2013ல் திறந்த நெம்மேலி 100 எம்.எல்.டி. (நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர்) கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அந்த வகை.

நல்ல முறைதான். ஆனால் டெண்டருக்கு முன் நாம் எழுதிக் கொடுக்கும் தேவைப் பட்டியல் ஓட்டையாக இருந்தால் எல்லாம் போச்சு.

நான் ஆலோசகராக இருந்த ஒரு ஆற்றுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நடந்தது இது. ஆற்று நீரின் கலங்கல் அளவு என்று ஆவணத்தில் இருந்தது ஒரே ஒரு மாதிரி, ஏப்ரலில் எடுத்தது. டெண்டர் போடுபவர்கள் சந்தேகம் கேட்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் ஒருவர் மழைக்கால அளவு கேட்டார். "நீங்களே ஆய்வு செய்துகொள்ளுங்கள்" என்று பதில் போனது. டெண்டருக்குக் கெடு முப்பது நாள், அதுவும் கோடையில். முப்பது நாளில் மழையை யார் வரவழைப்பது? வேலை எடுத்தவர் ஏப்ரல் தண்ணீருக்கு ஏற்ற சின்ன கிளாரிஃபையர், அதாவது சேறு படியவிடும் தொட்டி கட்டினார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். மொத்தமாக ஒரே தொகை பேசிய லம்ப்சம் வேலையில் மிச்சம் பிடித்தால்தான் லாபம். ஐப்பசியில் சேறு நேராக ஃபில்டருக்கு வந்தது. கூடுதல் தொட்டிக்குப் பணம் யார் தருவது என்ற சண்டை இரண்டு வருடம் ஓடியது. ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பின் டிசைன்-பில்ட் மாதிரி ஒப்பந்தமான மஞ்சள் புத்தகப்படி, அனுபவசாலியான ஒப்பந்ததாரரும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாத பிழை தேவைப் பட்டியலில் இருந்தால், பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. இந்தப் பிழை அப்படிப்பட்டதா என்பதிலேயே வாதம் நின்றது.

கரண்டும் இப்படித்தான். 100 எம்.எல்.டி. என்றால் நாளைக்கு ஒரு லட்சம் கிலோலிட்டர். கிலோலிட்டருக்கு அரை யூனிட் கூடுதலாக இழுத்தால் தினம் 50,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேல். கட்டும் செலவை மட்டும் பார்த்து எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவரை எடுத்தால் இது கண்ணில் படாது. யூனிட் கணக்கை உத்தரவாதமாக எழுதி வாங்கி, அதையும் சேர்த்து விலையை ஒப்பிட வேண்டும்.

மண் பரிசோதனை, நிலம், ரயில்வே கிராசிங் அனுமதி இவையும் டெண்டருக்கு முன்பே கையில் இருக்கட்டும். இப்போது என் மேசைக்கு எந்த வரைவு வந்தாலும், நான் முதலில் புரட்டுவது தண்ணீர் மாதிரி எடுத்த தேதிகள் இருக்கும் பக்கத்தைத்தான்.