கல்லீரல் நீர்க்கட்டி: நீரைவிடச் சுவரே முக்கியம்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வேலூருக்கு வந்து வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்பவரின் அறிக்கையில், சில வேளைகளில், எதிர்பாராத ஒரு வரியும் இருக்கும்: கல்லீரலில் நீர்க்கட்டி. கட்டி என்ற சொல்லைக் கண்டதும் குடும்பமே கலங்கிவிடுகிறது. அது புற்றுநோயோ என்ற அச்சம் பெரும்பாலும் வீண்.

சாதாரண நீர்க்கட்டி, கரு வளரும்போது பித்தநாள அமைப்போடு இணையாமல் தனித்துப்போன நுண்குழாயிலிருந்து உருவாகிறது. அதன் உட்சுவரில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள் நீரைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. தொந்தரவு இல்லையென்றால் மருத்துவமும் தேவையில்லை. 10 செ.மீ. விட்டமுள்ள கட்டிக்குள் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் இருக்கும். அது இரைப்பையை அழுத்தி, இரண்டு இட்லியிலேயே வயிறு நிரம்பியதுபோல் தோன்றச் செய்தால்தான் மருத்துவத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஊசியால் நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால், சுரக்கும் சுவர் அப்படியே இருப்பதால், கட்டி மீண்டும் நிரம்பிவிடும். ஆகவே நீரை வடித்தபின் மெல்லிய குழாய் வழியே செறிவான ஆல்கஹாலைச் செலுத்தி, சுவரின் செல்களை அழித்து, பிறகு அதையும் வெளியே எடுத்துவிடுகிறார்கள். கட்டி உடனே மறையாது, மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். மற்றொரு வழி, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி அறுவை: கல்லீரலுக்கு வெளியே புடைத்திருக்கும் கட்டியின் கூரையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால், அதன்பின் ஊறும் நீரை வயிற்றறையின் உள்சவ்வே உறிஞ்சிக்கொள்ளும்.

கல்லீரலில் வரும் இன்னொரு வகை நீர்க்கட்டியான ஹைடாடிட் கட்டி முற்றிலும் வேறானது; அது புழுவால் வருவது. நாயின் குடலில் வாழும் ஒரு சிறு நாடாப்புழுவின் முட்டைகள், நாயைத் தொட்ட கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ நம் வயிற்றுக்குள் சென்று, கல்லீரலில் தங்கிக் கட்டியாக வளர்கின்றன. ஆடு மேய்ப்போர் நிறைந்த நம் வட ஆற்காட்டுப் பகுதியில், வீட்டில் ஆடும் நாயும் உண்டா என்று மருத்துவர் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஆட்டுக்கறி சாப்பிடுவதால் இந்நோய் வராது. ஆனால் அறுத்த ஆட்டின் கட்டியுள்ள ஈரலை நாய்க்கு வீசுவதே புழுவின் சுழற்சியை நீடிக்கச் செய்கிறது.

இக்கட்டியின் நீர் வயிற்றுக்குள் கசிந்தால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அந்நீரோடு சிந்தும் புழுத்தலைகள் (புழுவின் நுண்ணிய இளம் உருக்கள்) புதிய கட்டிகளாகவும் முளைக்கலாம். ஆகவே என்ன கட்டி என்று உறுதியாகாமல் அதில் ஊசி குத்தவே கூடாது. 5 செ.மீ.க்குக் குறைவான இளங்கட்டிக்குப் பல வேளைகளில் ஆல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரையே போதும். அதைவிடப் பெரிதாக, உள்ளே அறைகள் பிரியாமல் இருந்தால், மாத்திரையைத் தொடங்கியபின், கல்லீரல் திசுவின் ஊடாக ஊசியைச் செலுத்தி, நீரை உறிஞ்சி, புழுவைக் கொல்லச் செறிவான உப்புநீரையோ ஆல்கஹாலையோ உட்செலுத்திச் சிறிது நேரம் வைத்திருந்து, மறுபடி உறிஞ்சி எடுக்கிறார்கள். முதலில் எடுத்த நீரில் பித்தம் கலந்திருந்தால் எந்த மருந்தையும் செலுத்தமாட்டார்கள்; அது பித்தநாளத்தில் இறங்கி, ஆறாத தழும்பை உண்டாக்கிவிடும்.

பித்தநாளத்தோடு இணைந்த கட்டிக்கும், குட்டிக்கட்டிகள் நிறைந்த பெரிய கட்டிக்கும் அறுவையே ஏற்றது. அப்போது ஒரு துளியும் சிந்தாதபடி, உப்புநீரில் நனைத்த துணிகளைக் கட்டியைச் சுற்றி அடுக்கிய பிறகே அதைத் திறக்கிறார்கள். சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்ட முதிய கட்டியையோ, தொந்தரவு தராதவரை, தொடாமல் விட்டு ஸ்கேனில் மட்டும் கவனித்து வருவார்கள்.