சிபிஎஸ்இ பிளஸ் டூல ஃபிசிக்கல் எஜுகேஷன் எடுத்தா மார்க் எப்படி வரும்?

பதினொண்ணாவதுல சப்ஜெக்ட் எடுக்கறப்போ "பிஇ (ஃபிசிக்கல் எஜுகேஷன்) எடுத்துக்கோ, கிரவுண்ட்ல நாலு ரவுண்டு ஓடினா மார்க் வந்துரும்"னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, நம்பிடாதீங்க. இதோட சப்ஜெக்ட் கோட் 048. 100ல 70 மார்க் தியரி, 3 மணி நேரம் உக்காந்து எழுதணும், பிராக்டிகல் 30 தான். அந்த 30லயும் நீங்க ஆடற கேமுக்குன்னு இருக்கறது 7 மார்க், ஸ்டேட் லெவல்ல ஆடற பையனுக்கும் அதே 7 தான்.

மீதி எங்க போகுதுன்னா யோகா 7, ஃபிட்னஸ் டெஸ்ட் 6, ரெக்கார்டு 5, வைவா (வாய்மொழியா கேள்வி கேக்கறது) 5. ஃபிட்னஸ் டெஸ்ட்னா சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) கேலோ இந்தியா டெஸ்ட், அதுல பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையா) பாப்பாங்க, 50 மீட்டர் ஸ்பீடா ஓடணும், 600 மீட்டர் ஓடலாம் முடியலன்னா நடக்கலாம், அப்புறம் சிட் அண்ட் ரீச் (உக்காந்து கைய முன்னாடி நீட்டறது), கர்ல் அப் (படுத்து உடம்ப பாதி தூக்கறது), புஷ் அப் (பொண்ணுங்களுக்கு முட்டி ஊன்றி பண்றது). மாற்றுத்திறனாளி பசங்களுக்கு இதுக்குப் பதிலா பிராக்போர்ட் டெஸ்ட்ல 4 ஐட்டம், கேமும் போச்சியா (குறி பாத்து பந்து போடறது), கோல்பால் (பார்வை இல்லாதவங்க ஆடற பந்து ஆட்டம்), உக்காந்து ஆடற வாலிபால்னு எடுத்துக்கலாம். ஸ்கூல்ல யாரும் சொல்லலன்னா நீங்களே போய் கேளுங்க, சிலபஸ்லயே இருக்கு.

ரெக்கார்டுல ஃபிட்னஸ் டெஸ்ட் நடத்தற முறை, சுகர், பிபி, ஆஸ்துமா மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஆசனம், ஒரு கேமோட கிரவுண்ட் படம், ரூல்ஸ் எல்லாம் எழுதணும். அடுத்தவன் நோட்ட பாத்து எழுதிட்டுப் போனீங்கன்னா வைவால முழிக்கணும்.

தியரில 10 யூனிட், உண்மையான ஸ்போர்ட் சயின்ஸ் இங்க தான் இருக்கு. பயோமெக்கானிக்ஸ்ல நியூட்டன் விதிகளும் புராஜெக்டைலும் (எறிஞ்ச பொருள் போற பாதை) வரும், பிசியாலஜி, நியூட்ரிஷன், சைக்காலஜி, டிரெயினிங் மெத்தட் எல்லாம் உண்டு, காமர்ஸ் பசங்க இத பாத்து தான் மிரளுவாங்க. எனக்குப் பிடிச்சது ஃபிக்சர் (யாரு யாரோட ஆடணும்னு அட்டவணை போடறது), கணக்கு பிடிபட்டுட்டா மார்க் கையில: 11 டீம் நாக்-அவுட்ல ஆடினா, தோத்தவன் வெளிய போயிட்டே இருக்கணும், ஒருத்தன் மட்டும் மிஞ்சணும், அதனால 10 மேட்ச். 11க்கு மேல இருக்கற 2ஓட அடுக்கு 16, அதுல 11 போனா 5 பை, அதாவது 5 டீம் முதல் ரவுண்டு ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போயிரும். இதே 11 டீம லீக்ல (எல்லாரும் எல்லாரோடயும் ஒரு தடவ ஆடறது) விட்டா 55 மேட்ச் ஆயிடும், பள்ளிக்கூட டோர்னமென்ட் எல்லாம் ஏன் நாக்-அவுட்லயே நடக்குதுன்னு அப்ப புரியும்.

பாஸ் ஆகணும்னா தியரி, பிராக்டிகல் ரெண்டுலயும் தனித்தனியா 33 சதவீதம் வேணும். பிராக்டிகல்ல 30க்கு 30 வாங்கிட்டு தியரில 15 எடுத்தா, கூட்டினா 45 வருதேன்னு வாதாட முடியாது.

இன்னொண்ணு, தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கட்-ஆஃப்ல மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மட்டும் தான் சேரும், ஃபிசிக்கல் எஜுகேஷன்ல 98 எடுத்தாலும் அங்க பிரயோஜனம் இல்ல. அதனால எந்த கோர்ஸுக்குப் போறீங்களோ அதுல இந்த மார்க்க எடுத்துக்குவாங்களான்னு பாத்துட்டு ஃபார்ம்ல டிக் அடிங்க.