ஓடுவதற்கு ஒரு கால், வேலைக்கு ஒரு கால்

செயற்கைக்கால் செய்து பொருத்துவது என் தொழில். காலை இழந்த பிறகு விளையாட்டுக்கு வந்து, பதக்கம் வரை போய், இப்போது போட்டியிலிருந்து விலகப்போகிறவர்கள் என்னிடம் வரும்போது பேச்சு பிளேடில், அதாவது ஓடுவதற்கென்றே செய்த வளைந்த செயற்கைக்காலில், ஆரம்பிப்பதே இல்லை, “இனி என்ன செய்யப் போறேன்னு தெரியல” என்றுதான் ஆரம்பிக்கிறது. ஓய்வு எந்த வீரருக்கும் கஷ்டம்தான். ஆனால் இவர்களில் பலருக்கு, கால் போனபோது ‘இனி நான் யார்’ என்று வந்த கேள்விக்கு விளையாட்டுதான் பதிலாக இருந்திருக்கிறது. அதை விடும்போது அந்தப் பழைய கேள்வி மறுபடி எதிரே வந்து நிற்கிறது.

உடனே கிடைக்கிற வேலை மேடைப் பேச்சு. நன்றாகப் பேச வருகிறவர்களுக்கு அது நல்ல தொழில்தான், தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. விபத்து நடந்த நாளை ஊர் ஊராகப் போய் முன்பின் தெரியாதவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது மனசை அரித்துவிடும், அடுத்த பதக்கக்காரர் வந்ததும் அழைப்புகளும் குறைந்துவிடும். அந்தக் கதையைவிடப் பெரிய சொத்து அவர்களிடம் இருக்கிறது. எஞ்சிய கால் நுழைகிற சாக்கெட் என்ற கூடு எந்த இடத்தில் உரசுகிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள், அலைன்மென்ட்டில், அதாவது சாக்கெட்டும் பாதமும் அமைந்திருக்கும் கோணத்தில், நான் ஒரு சிறு மாற்றம் செய்தால் நாலு எட்டு நடப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள், வலியில் எது பொறுக்க வேண்டியது எது நிறுத்த வேண்டியது என்று பிரித்துச் சொல்வார்கள். இந்த அறிவுக்குத் தேவை இருக்கும் வேலைகள் நிறைய.

ஹியூ ஹெர் நல்ல உதாரணம். 1982-இல் பனிப்புயலில் மாட்டி, பதினேழு வயதில் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்த பாறையேறும் வீரர். மறுபடி ஏறுவதற்காகத் தன் கால்களைத் தானே வடிவமைத்துக்கொண்டார்: குறுகிய பாறை விளிம்பில் நிற்க ஒரு பாதம், பனியில் ஏற இன்னொன்று. அந்த வேலையே பிறகு படிப்பாகி, மோட்டார் உள்ள கணுக்கால் வரை கொண்டுபோய், இன்று அவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஜெர்மனியின் ஹைன்ரிக் போபோவ் 2012 லண்டன் பாராலிம்பிக்கில் 100 மீட்டரிலும் 2016 ரியோவில் நீளம் தாண்டுதலிலும் தங்கம் வாங்கியவர். காலை இழந்த மற்றவர்களுக்கு ஓடக் கற்றுத்தரும் பயிற்சி முகாம்களை, தான் போட்டியில் இருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டார். சிறுவயதில் மின்சாரம் தாக்கி இடது கையை இழந்த தேவேந்திர ஜஜாரியா, ஈட்டி எறிதலில் 2004-லும் 2016-லும் தங்கம் வென்றவர், 2024-இல் இந்திய பாராலிம்பிக் கமிட்டியின் தலைவரானார். எல்லோரும் விளையாட்டை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2000 சிட்னியில் சைக்கிள் பந்தயத்தில் வெள்ளி வாங்கி, 2006-இல் எவரெஸ்ட் ஏறிய நியூஸிலாந்துக்காரர் மார்க் இங்லிஸ், இரண்டு கால்களும் இல்லாதவர், ஒயின் தயாரிப்பைத் தொழிலாகச் செய்தவர்.

சரி, இனி என் பக்கத்து விஷயம். புதிய வேலையைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள், அந்த வேலைக்கான காலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஓட்டக்காரராக இருந்து கோச் ஆனவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. மாலையில் லைனரை (சாக்கெட்டுக்குள் தோலை ஒட்டிப் போடும் மெத்தென்ற உறை) கழற்றினால் எஞ்சிய காலின் முன் எலும்பு நுனியில் சிவந்திருக்கும், கால் மணி நேரம் ஆகியும் மறையாது. “இதைவிடக் கடுமையா ப்ராக்டீஸ் பண்ணினப்போ ஒண்ணும் ஆகலையே” என்பார்கள். அப்போது ஓடியது கொஞ்ச நேரம், நடுவில் காலைக் கழற்றி ஓய்வும் கொடுத்தார்கள். இப்போது காலையிலிருந்து மாலை வரை அதே சாக்கெட்டுக்குள் நின்றபடி இருக்கிறார்கள். நாள் போகப் போக எஞ்சிய கால் சற்றே சுருங்கும், சுருங்கினால் சாக்கெட்டுக்குள் இன்னும் கீழே இறங்கும், அப்போது எலும்பு நுனி போய் இடிக்கும். பலருக்கு மதியம் எஞ்சிய காலின் மேல் ஒரு மெல்லிய சாக்ஸ் கூடுதலாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் சிவப்பு புண்ணாகிவிட்டால் பல நாள் காலையே மாட்ட முடியாது, புதிதாகச் சேர்ந்த வேலையில் அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

பந்தய பிளேடை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குக் குதிகால் கிடையாது, ஓட விடும், ஓரிடத்தில் அசையாமல் நிற்க விடாது. அப்புறம் அந்த பிளேடு ஸ்பான்சர் கொடுத்ததாக இருக்கும், ஸ்பான்சர் போனபின் தினசரிக் கால் கைக்காசில்தான். ஆகவே ஒப்பந்தம் பேசும்போதே அன்றாடக் காலையும் அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் சிக்கல் வேறு. முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களுக்கு சாக்கெட்டின் பின் விளிம்பு தசைநாரை அழுத்தும், அதை இறக்கிச் செதுக்கித் தர முடியும், சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பு மடங்கிய வாக்கிலேயே இறுகிவிடும், தினமும் சிறிது நேரம் குப்புறப் படுப்பது அவசியம். நல்ல காலின் முழங்காலையும் மறக்கக் கூடாது, பல வருடங்களாக அதுதான் கூடுதல் சுமை தாங்கியிருக்கிறது, தேய்மானம் வரும் வாய்ப்பும் அதற்குத்தான் அதிகம்.

பயிற்சியை நிறுத்தியதும் தசை குறையும், எடை மாறும், பழைய சாக்கெட் பொருந்தாமல் போகும். விலைகூடிய புதுக் காலை அவசரமாக வாங்காமல் எடை ஒரு நிலைக்கு வரும்வரை பழையதைச் சரிசெய்து ஓட்டுங்கள். என்னைப் போன்ற ஒருவரிடம் வரும்போது, புது வேலையில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், படிக்கட்டு உண்டா, தரை ஈரமா, காலைக் கழற்றி வைக்க மறைவான இடம் இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். வேலைக்குப் போடும் ஷூவையும் கொண்டு வாருங்கள், குதி உயரம் மாறினால் அலைன்மென்ட்டும் மாறிவிடும். முடிந்தால் இதையெல்லாம் கடைசிப் போட்டிக்கு ஒரு சீசன் முன்னாலேயே ஆரம்பியுங்கள், உடம்பு நல்ல நிலையில் இருக்கும், கோச்சும் பிசியோவும் கூடவே இருப்பார்கள்.