கருவை உருக்குவதா, இளக்குவதா?

நெய்யை உருக்குவோம், தங்கத்தை உருக்குவோம். கருவை யாராவது உருக்குவார்களா? குழந்தைப்பேறு சிகிச்சை மையம் ஒன்றின் கையேட்டில் 'உறைந்த கரு உருக்கப்பட்டுக் கருப்பையில் வைக்கப்படும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். உறைந்ததை மீட்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் thaw என்பதன் தமிழாக்கம் அது. அதைப் படித்த என் சித்தி மகள், "உருக்கினா அப்புறம் என்னண்ணா மிஞ்சும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

உறைதலில் வம்பு இல்லை. பால் உறையும், ரத்தம் உறையும், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கருவும் உறையும். உறைகருவிலிருந்து உலகின் முதல் குழந்தை 1984இல் மெல்போர்னில் பிறந்தது என்றால் யாருக்கும் விளங்கும்.

உருகுதல் அப்படியல்ல. திடமாக இருப்பது தன் வடிவம் இழந்து ஓடுவதுதான் உருகுதல். கரு ஓடினால் கதை முடிந்தது. வடிவம் குலையாமல் மீள வேண்டும் என்றுதானே இத்தனை பாடு? சரி, உருகுவது கருவல்ல, அதிலுள்ள பனிதான் என்று சமாளிக்கலாம். இப்போது பரவலாக உள்ள முறையில் அந்தப் பனியே கிடையாது. பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும் என்பதால், காப்புக் கரைசலில் ஊறவைத்து, நொடிப்பொழுதில் குளிரவைத்துக் கண்ணாடிபோல் இறுக்கிவிடுகிறார்கள். (இதைப் 'பளிங்காக்கம்' என்பவரும் உண்டு. பளிங்கு என்றால் படிகம். எது கூடாதோ அதையே பெயராக வைத்துவிட்டார்! கண்ணாடியாக்கம் என்றால் போதாதா?) வெளியே எடுக்கும்போது 37 டிகிரிச் சர்க்கரைக் கரைசலில் சட்டென்று இறக்கி, பிறகு படிப்படியாக நீர்த்த கரைசல்களுக்கு மாற்றுவார்கள். ஆய்வுக்கூடத்தில் இதற்கு 'வார்மிங்' என்றே பெயர். பனிநீக்கம் என்ற சொல்லை ஃப்ரிட்ஜுக்கே விட்டுவிடலாம்.

வெதுப்புதல் பொருந்தும்தான். ஆனால் பேக்கரியை வெதுப்பகம் ஆக்கிய பிறகு அதில் ரொட்டி வாசம் வருகிறது. என் ஓட்டு இளக்குதலுக்கு. இறுகிய வெல்லப்பாகு சூட்டில் இளகும்; இளமை, இளந்தளிர் எல்லாவற்றிலும் உள்ள அதே 'இள'. பழைய முறையில் பனியோடு உறைந்த கருவுக்கும் இது பொருந்தும். அகராதியைப் பார்த்து முதல் சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதெல்லாம் எங்கே தோன்றப்போகிறது?

மலமிளக்கி ஞாபகம் வருமே என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். வரட்டுமே. என் தங்கைக்கு நெய்ச்சட்டி ஞாபகம் வந்ததைவிட அது மேல்.