பின்னைக் கழற்ற மறந்த கை

உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல். சீசன் தொடங்க ஒரு கிழமைக்கு முன், புதிதாகச் சேர்ந்த பெடியங்களுக்கு எல்லாப் பயிற்சியும் ஒரே நாளில் நடந்தது. தீப்பாதுகாப்பு வீடியோவைப் போனில் பார்த்த கையோடு 20 கேள்வி. ஒரு தம்பி 18க்குச் சரியாகச் சொல்லிச் சான்றிதழும் வாங்கிவிட்டான்.

மூன்று கிழமை கழித்து அவனைத் தீயணைப்பு சிலிண்டருக்கு முன்னால் நிறுத்தி, "சுவிட்ச் போர்டு புகையுது, என்ன செய்வாய்?" என்று கேட்டேன். தூக்கினான், கைபிடியை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். கைபிடியைப் பூட்டி வைத்திருக்கும் பாதுகாப்பு பின் (pin) கழற்றாமல் அப்படியே கிடந்தது.

அவன் மக்கு இல்லை. ஜெர்மனிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் வெளியிட்டார். திரும்பப் படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஒரு மணித்தியாலத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அதற்குப் பிறகு சரிவு மெதுவாகிவிடும்.

சரி, 18 புள்ளி எப்படி வந்தது? 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய சோதனையில் விடை இருக்கிறது. சிலர் ஒரு பாடத்தை இரண்டு தரம் வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருதரம் வாசித்து, தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னுக்கு. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் நூற்றுக்கு 42, எழுதியவர்கள் 56. வீடியோ முடிந்த கையோடு வைக்கும் பரீட்சை அந்த ஐந்து நிமிடத்தைத்தான் அளக்கிறது. அதுவும் நாலு விடையில் ஒன்றைத் தொடுகிற பரீட்சை. கண்ட முகத்தை அடையாளம் காண்பது வேறு, பெயரை நினைத்துச் சொல்வது வேறு.

எனக்குப் பிடித்த ஆய்வு பிரிட்டிஷ் தபால்காரர்களுடையது. பாட்லியும் லோங்மனும் 1978இல் வெளியிட்டது. தட்டச்சு விசைகளைப் பழக, நாளுக்கு ஒரு மணித்தியாலம் படித்தவர்களுக்கு மொத்தம் ஏறக்குறைய 35 மணித்தியாலம் போதுமாக இருந்தது. நாளுக்கு நான்கு மணித்தியாலம் இருந்தவர்களுக்கு 50 தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், குறைந்த நேரத்தில் பழகிய அந்த ஒரு மணித்தியாலக்காரருக்குத்தான் திருப்தி குறைவு. மற்றவர்களை விடப் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்தார்களாம்! "பயிற்சி எப்படி இருந்தது?" என்று கேட்டு நிரப்பும் படிவங்களை நான் அதன்பிறகு பெரிதாக நம்புவதில்லை.

இப்போது அந்த வீடியோவைத் துண்டாக்கிவிட்டோம். ட்யூட்டி மாறும் நேரத்தில் பிளேன்டீயோடு ஒரே ஒரு கேள்வி, விடைத் தெரிவுகள் கிடையாது. அதே கேள்வி இரண்டு நாள் கழித்து வரும், பிறகு பத்து நாள் கழித்து வரும். மூலையில் காலாவதியான வெறும் சிலிண்டர் ஒன்றும் வைத்திருக்கிறோம்.

"ஒவ்வொரு நாளும் இதையே கேக்கிறியள் சேர்" என்று போன கிழமை முணுமுணுத்தான் தம்பி. முணுமுணுத்துக்கொண்டே பின்னை உருவி மேசையில் போட்டான்.