லாரி கிளம்பும் முன் இ-வே பில்லில் பார்க்க வேண்டியவை

ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவர் போன் அடித்தால் ஒன்று வண்டி பழுது, இல்லையென்றால் பில் தகராறு. திருப்பூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பில் போடுகிற எனக்கு ஒருநாள் இரண்டும் சேர்ந்தே வந்தன. வழியில் ஆக்சில் உடைந்து, சரக்கை வேறு லாரிக்கு மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில்லில் வண்டி நம்பரை மாற்றச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த சோதனையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். அபராதம் கட்டித்தான் சரக்கு வெளியே வந்தது. அதுவரை டிரைவர் ரோட்டோரத்தில் கிடந்தார். பில் எங்களுடையது, தண்டனை அவருக்கு. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கேரள எல்லையில் இருந்த வாளையார் போன்ற வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்ததுதான் இ-வே பில். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிற சரக்கென்றால் வரம்பு 1 லட்சம்.

இந்த மதிப்பு வரியும் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 48,000 ரூபாய் துணிக்கு 5 சதவீத வரி சேர்த்தால் 50,400. பெங்களூருக்கு அனுப்பினால் பில் போட்டே ஆகவேண்டும். அப்புறம் ஜாப் ஒர்க், அதாவது நம் சரக்கில் வெளியாள் கூலிக்குச் செய்து தரும் வேலை. பிரிண்டிங்குக்கோ தையலுக்கோ முதலாளி வெளிமாநிலத்துக்குத் துணி அனுப்பினால் அது 10,000 ரூபாய் சரக்காக இருந்தாலும் பில் உண்டு, வரம்பே கிடையாது. விற்பனை இல்லையே, டெலிவரி சலான் போதுமே என்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய.

பில்லில் இரண்டு பகுதி. பார்ட் ஏ-யில் இன்வாய்ஸ் நம்பர், மதிப்பு, யாரிடமிருந்து யாருக்கு என்ற விவரம். பார்ட் பி-யில் வண்டி நம்பர். சரக்கை அனுப்புகிறவர், வாங்குகிறவர், டிரான்ஸ்போர்ட்காரர் யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் பார்ட் பி நிரப்பாமல் வண்டி நகரக் கூடாது. ஒரு விலக்கு உண்டு: அதே மாநிலத்துக்குள், கம்பெனியிலிருந்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வரை 50 கிலோமீட்டருக்குள் கொண்டுவந்தால் பார்ட் பி தேவையில்லை. வழியில் வண்டி மாறினால் புது நம்பரை ஏற்றிய பிறகே அடுத்த வண்டியை எடுக்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான்.

அடுத்தது காலாவதி. 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. அதற்கு முன்பு 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கிடைத்தது. மிச்சத் தூரத்துக்கும் ஒரு முழு நாள் கிடைக்கும், ஆக 1,300 கிலோமீட்டர் என்றால் 7 நாள். பார்ட் பி நிரப்பிய நேரத்திலிருந்து கணக்கு ஓடும். முதல் நாள் என்பது மறுநாள் நள்ளிரவில்தான் முடியும். 14-ஆம் தேதி காலையில் போட்டாலும் சரி, இரவு 11.50-க்குப் போட்டாலும் சரி, முதல் நாள் முடிவது 15-ஆம் தேதி முடிகிற நள்ளிரவில். இரவு 11.50-க்குப் போடுவதைவிடப் பத்து நிமிஷம் பொறுத்து 12 மணி தாண்டிப் போட்டால் ஒரு முழு நாள் கூடுதலாகக் கிடைக்கும். தூரம் போகிற லோடுக்கு அந்த ஒரு நாள் பெரிய விஷயம்.

வண்டி தாமதமானால் காலத்தை நீட்டிக்கலாம். ஆனால் முடிகிற நேரத்துக்கு முன்பு 8 மணி நேரம், பின்பு 8 மணி நேரம், அவ்வளவுதான் அவகாசம். டிரைவர் தூங்குகிற நேரத்தில் அது கடந்துபோகலாம். ஆகவே கவனிக்க வேண்டியது ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற நாம்தான். தப்பாகப் போட்ட பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிடலாம்.

பிடிபட்டால் என்ன ஆகும்? வரி உள்ள சரக்குக்கு உரிமையாளர் முன்வந்து கட்டினால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். 2 லட்ச ரூபாய் சரக்கு, 18 சதவீத வரி என்றால் வரி 36,000, அபராதம் 72,000. உரிமையாளர் வரவே இல்லையென்றால் சரக்கு மதிப்பில் பாதி, அல்லது வரியைப் போல இரண்டு மடங்கு, இதில் எது அதிகமோ அது. அதே சரக்குக்கு 1 லட்சம். பிடித்த 7 நாளுக்குள் அதிகாரி நோட்டீஸ் தர வேண்டும், நோட்டீஸ் தந்த 7 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். உத்தரவு தப்பென்று தோன்றினால் அபராதத்தில் 10 சதவீதம் கட்டி மேல்முறையீடு செய்யலாம்.

சின்னப் பிழைக்கெல்லாம் இந்த அபராதம் கிடையாது. பெயரில் எழுத்துப்பிழை, வண்டி நம்பரில் ஓரிரு இலக்கம் மாறியது, இன்வாய்ஸ் நம்பரில் ஓரிரு இலக்கம் தப்பு, இப்படிப்பட்டவற்றுக்கு மத்திய வரியில் 500, மாநில வரியில் 500 என்று மொத்தம் 1,000 ரூபாய்தான். 2018 செப்டம்பரில் வந்த 64-ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சுற்றறிக்கையின் நகல் ஒன்றை டிரைவர் கையில் கொடுத்தனுப்புங்கள். ரோட்டில் நின்று சட்டம் பேச அவருக்கு ஒரு காகிதமாவது துணை வேண்டும்.

காலாவதி ஆனதை வைத்து மட்டுமே வரி ஏய்ப்பு என்று முடிவுகட்டவும் முடியாது. 2020 ஜனவரியில் ஐதராபாத்தில் போராட்டத்தால் ரோடு அடைபட்டு, ஒரு காகித லோடின் பில் காலாவதி ஆனது. அதிகாரிகள் வரியும் அபராதமுமாக 69,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். தெலங்கானா உயர் நீதிமன்றம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே 2022-இல் அந்த மனு தள்ளுபடியானதோடு, வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய செலவுத் தொகையும் 69,000 ஆக உயர்ந்தது.

இன்னும் ஒன்று. சோதனைக்காக வண்டியை 30 நிமிஷத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் அதை இ-வே பில் தளத்திலேயே இ.டபிள்யூ.பி.-04 படிவத்தில் டிரான்ஸ்போர்ட்காரர் பதியலாம். ஒரு மாநிலத்தில் ஒருமுறை சோதித்து முடித்த வண்டியை, வரி ஏய்ப்பு பற்றிக் குறிப்பான தகவல் வந்தால் தவிர, அந்த மாநிலத்தில் மறுபடி சோதிக்கக் கூடாது. முதல் சோதனை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நடந்தது என்று டிரைவர் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

இப்போதெல்லாம் ஒவ்வொரு லோடுக்கும் எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியோடு ஒரு துண்டுச்சீட்டைப் பின் பண்ணிக் கொடுக்கிறேன். பில் முடிகிற தேதியும் நேரமும் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே: “வண்டி மாறினால் முதலில் எனக்குப் போன் பண்ணுங்க அண்ணே, அப்புறம் சரக்கை ஏத்துங்க.”